காயத்துக்கு முந்திய தோல்

ராக்கியப்பன் காலில் அரிவாள் இறங்குவதற்கு முந்தின நாளே அதற்கு வேண்டிய தோல் ஏழாம் நம்பர் தட்டில் விளைந்து கிடந்தது. அது தோல் என்றோ, ராக்கியப்பனுடையது என்றோ அன்றைக்குத் துளசிமணிக்குத் தெரியாது. தட்டு நிறையச் சதுரமாகப் படிய வேண்டிய ஏடு, ஒரு மூலையில் மட்டும் நாலு விரல் நீளத்துக்கு, ஒரு முனை கூராகவும் மறுமுனை அகலமாகவும், ஓரத்தில் மிளகளவு கறுப்புப் புள்ளியோடு மிதந்தது. பூஞ்சை பிடித்துவிட்டது என்று நினைத்தாள். வீசி எறிய மனமில்லாமல் ஒரு பாட்டிலில் போட்டு வைத்தாள். மறுநாள் மட்டை உரித்துக்கொண்டிருந்த ராக்கியப்பன் கணுக்காலை எலும்பு தெரிய வெட்டிக்கொண்டு அலறினான். மில் ஜீப் லோடு ஏற்றிப் போயிருந்தது, ரத்தம் நின்றபாடில்லை. கைக்கு எட்டியதை எடுத்து அழுத்துவோம் என்று அவள் அந்த ஏட்டை எடுத்து வெட்டுவாயில் வைத்தாள். தையல்காரன் அளவெடுத்துத் தைத்த மாதிரி அது பொருந்தியது. மூன்றாம் நாள் காலில் தழும்புகூட இல்லை. அரிவாள் சீவிக்கொண்டு போயிருந்த மச்சம் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே செங்காட்டுப்புதூரில் தேங்காய்ப்பொடி மில் நடத்திய பொன்னுரங்கத்துக்கு, உடைத்த தேங்காயின் தண்ணீரை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது என்பது பல வருஷத்துத் தலைவலி. வாய்க்காலில் விட்டால் புளித்து நாறியது, தோப்பில் விட்டால் தென்னையே முகம் சுளித்தது. யாரோ சொன்னார்கள் என்று மூன்று நாள் பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்பினார். மில்லில் எழுதப் படிக்கத் தெரிந்தவளும் கை சுத்தமானவளும் துளசிமணிதான் என்பதால் அவள் போனாள், போனவள் ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீரோடு திரும்பி வந்தாள். தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை கலந்து, காடி விட்டுப் புளிப்பாக்கி, அந்தக் கலங்கலைத் தயிருக்கு உறை ஊற்றுவதுபோல ஊற்றி, தட்டுகளில் நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் அசையாமல் வைத்துவிட்டால் போதும், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் மேலே வந்து நூலாய் நூற்றுப் பாலேடு மாதிரி ஒரு வெள்ளை ஏடு நெய்யும், அதைக் கழுவிப் புண்ணுக்குக் கட்டுப்போடுகிற கம்பெனிக்கு விற்கலாம். படித்தவர்கள் அதற்குச் செல்லுலோஸ் என்று பேர் வைத்திருந்தார்கள். ராக்கியப்பன் காலுக்குப் பிறகு ஊர் அதைத் தோல் என்றே சொன்னது.

மாதம் ஒன்று ஆவதற்குள் ஊர் பழகிவிட்டது. ஊர் எதற்குத்தான் பழகவில்லை? காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வெறும் தூக்குப்போசியோடு திரும்புகிறவர்கள் தட்டுகள் இருந்த மில் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, தட்டுத் தட்டாகக் குனிந்து, இது என்ற முழங்கை, இது உன்ற மாமியாளோட புறங்கை, அம்மைத் தழும்பைப் பாரு என்று அடையாளம் சொல்லி, அவரவர் தோலை அவரவர் வாங்கிக்கொண்டு போய்ப் பாட்டிலில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காயம் வருகிற வரைக்கும் நிம்மதியாக வேலை பார்த்தார்கள். பள்ளிக்கூட டீச்சர் பிள்ளைகளின் முழங்கால் தோல்களைப் பேர் எழுதி அலமாரியில் அடுக்கினார். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் முழங்கை தட்டில் விளைந்துவிட்டது என்று தெரிந்ததும் பெண்ணின் அப்பா இரண்டு நாள் தூங்கவில்லை.

"ஏனம்மிணி, இது முகூர்த்தத்துக்கு முன்னால ஆகுமா, பின்னால ஆகுமா?" என்று துளசிமணியைக் கேட்டார்.

"எனக்கெப்பிடிங்க தெரியும்? தட்டுல தேதியா போட்டிருக்குது?"

"மணவறையில ஆச்சுன்னா அசிங்கமாப் போயிருமே" என்று முனகிக்கொண்டே போனவர், அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மகளின் முழங்கையைத் தானே ஆட்டுக்கல்லில் மோதவிட்டு, தோலை ஒட்டி, வந்த காரியம் முடிந்தது என்று பந்தக்கால் நட்டார். அவர் செய்தது சரிதான் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள்.

ஊரில் தோல் இல்லாதவன் ஒருவன்தான். பஸ் கண்டக்டர் சென்னியப்பனின் வலது முழங்கால் பன்னிரண்டாம் தட்டில் பாதி விளைந்திருந்தபோது எலி விரட்டிய பூனை ஒன்று தட்டுக்குள் விழுந்து ஏட்டைக் கிழித்துவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் தொங்குகிறவன், தோலும் இல்லை, பாவம் என்று ஊரே அவனுக்காக உச்சுக்கொட்டியது. அவன் மனைவி மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசினாள். ஒரு மாதம் போயிற்று, மூன்று மாதம் போயிற்று, சென்னியப்பன் முழங்காலில் ஒரு கீறல்கூட விழவில்லை. இன்னும் வரவில்லையே, வந்தால் என்ன செய்வான் என்றுதான் ஊர் கவலைப்பட்டது. வரவே இல்லையே என்று கவலைப்பட்டவள் துளசிமணி ஒருத்திதான்.

ஆனால் அவளுக்கும் அதை உட்கார்ந்து நினைக்க நேரமில்லை. தோல் மெல்லிசாக இருக்கிறது, கம்பெனிக்காரன் தடிமன் கேட்கிறான் என்று பொன்னுரங்கம் அரித்தெடுத்தார். ஒரு வேலையை எடுத்தால் அதன் அடிவேர் வரைக்கும் போய்ப் பார்க்கிற குணம் அவளுக்கு, அந்தக் குணந்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்வேன். வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திக் கருப்பட்டிக்கு மாறினாள். டீக்கடையில் கொதித்து மிஞ்சிய சக்கையை வாங்கிவந்து அதன் வடிநீரைச் சேர்த்தாள். புளிப்புப் பார்க்கிற காகிதத்தை நனைத்து நிறம் பார்த்துக் காடியைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டினாள். மார்கழிக் குளிரில் தட்டுகளைப் பாய்லர் சுவரோரம் நகர்த்தினாள், வெயில் ஏறிய மதியங்களில் ஜன்னலெல்லாம் ஈரச்சாக்குத் தொங்கவிட்டாள், முப்பது டிகிரிக்கு மேலே ஏறவும் விடவில்லை, கீழே இறங்கவும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேல் அசைவை நிறுத்தினாள். தண்ணீர் அலம்பினால் நூல் அறுந்து ஏடு கட்டியாகிவிடும், அசையாத தண்ணீரில்தான் முழு ஏடு படியும். அதனால் கொட்டகைக்குள் செருப்பில்லை, உரத்த பேச்சில்லை, தும்மல் வந்தால் வெளியே ஓட வேண்டும். பக்கத்து அறையில் இருந்த அரவை மிஷினைக்கூடப் பொன்னுரங்கத்திடம் சண்டை போட்டு அப்பால் தள்ளினாள். கோயிலுக்குள் கத்திப் பேசுகிறவர்கள்கூட அவள் கொட்டகையில் பூனை நடை நடந்தார்கள்.

ஏடு காகிதக் கனத்திலிருந்து சப்பாத்திக் கனத்துக்கும், சப்பாத்திக் கனத்திலிருந்து தோசைக்கல் கனத்துக்கும் ஏறியது. பொன்னுரங்கம் தீபாவளிக்கு அவளுக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தார்.

அவள் தினமும் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் அன்றைய சூட்டையும் புளிப்பையும் எழுதி, கீழே எந்தத் தட்டில் யாருடைய தோல் என்றும் குறித்து ஒரு கம்பியில் குத்தி வைப்பாள். தை மாதத்தில் ஒருநாள் பழைய தாள்களைப் புரட்டியபோது அவள் கை நின்றது. சர்க்கரை போட்ட காலத்தில் விரல் கீறல், முழங்கால் சிராய்ப்பு. கருப்பட்டிக்கு மாறின வாரத்தில் ஒரு மாட்டுக்கொம்பு, ஒரு கொதி எண்ணெய். டீச்சக்கை சேர்த்த மாதம் மில் பெல்ட்டில் சிக்கிய முழங்கை. சூட்டை முப்பதில் நிறுத்தின மாதம் பைக்கில் வந்த அண்ணன் தம்பி இருவரின் தொடைகள். அவள் எவ்வளவு நன்றாக வேலை செய்தாளோ அவ்வளவு பெரிய காயம் ஊருக்குள் வந்திருந்தது.

அவள் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு மயிலாத்தாளிடம் தாள்களைக் காட்டினாள். மயிலாத்தாள் ஐம்பதைத் தாண்டியவள், துளசிமணிக்குக் கூடப்பிறக்காத அக்காள்.

"அடிப் போடி, பைத்தியக்காரி. காயம் பெருசா வரப்போவுதுன்னு தெரிஞ்சுதானே தோலும் பெருசா வருது? இத்தினியூண்டு தோலும் அத்தாம்பெரிய காயமும் வந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்? உன்ற கையப் புடிச்சுக் கும்புடோணும்" என்றாள்.

"இல்லீங்கக்கா, சென்னியப்பனுக்குத் தோலும் இல்ல, காயமும் இல்லயே?"

"அவனுக்கு இன்னும் நேரம் வரல" என்று மயிலாத்தாள் முடித்துவிட்டாள்.

துளசிமணி தாள்களை மறுபடி கம்பியில் குத்தினாள். தோல் ஒட்டின காயம் ஒன்றுகூடச் சீழ் வைக்கவில்லை, ஒருவரும் சாகவில்லை, ஊரே அவளை மகராசி என்றது. மகராசி என்று சொல்கிற வாயைப் பார்த்து நிறுத்து என்று சொல்வது லேசுப்பட்ட காரியமா?

அந்தக் கலங்கல் உறையும் கொட்டகைக்கு வெளியே போய்விட்டிருந்தது. செங்காட்டுப்புதூரில் உறைமோர் கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பினால் அந்த வீட்டுப் பசு வற்றிப்போகும் என்பார்கள், எதிரி வீட்டுக்காரி கேட்டாலும் ஒரு கரண்டி ஊற்றித்தான் ஆகவேண்டும். விளக்கு வைத்த பிறகு மட்டும் கொடுக்கக் கூடாது. கொடுத்தவள் வீட்டு உறை எப்போதாவது கெட்டுப்போனால், வாங்கினவள் கேட்காமலே கொண்டுவந்து ஊற்ற வேண்டும், அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. எங்க வீட்டுக்கென்று ஒரு சட்டியில் ஊற்றி வைத்துக்கொள்கிறேன் என்று மயிலாத்தாள் முதலில் கேட்டாள், அவளைப் பார்த்து மற்றவர்கள் கேட்டார்கள். ஆக மொத்தம் பதினோரு வீட்டில் சட்டி இருந்தது. சூடும் புளிப்பும் எப்படிப் பார்ப்பது, ஏன் அசைக்கக் கூடாது என்று துளசிமணியே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

மாசியில் பெரிய ஆர்டர் வந்தது. ஒட்டுப்போடாத ஒற்றை ஏடாக, ஆறடிக்கு மூன்றடி வேண்டும் என்றது கம்பெனி. பொன்னுரங்கம் கையோடு சிமென்ட் தொட்டி கட்டி உள்ளே வழவழவென்று டைல்ஸ் ஒட்டிவிட்டார். அவளுக்குள் ஏதோ வேண்டாம் என்றது. ஆனால் ஆறடி ஏட்டை ஒரு கிழிசல் இல்லாமல் இறக்கிக் காட்ட முடியுமா என்ற ஆசையும் அவளுக்குள்தான் இருந்தது, ஆசை ஜெயித்தது. தொட்டியை நிரப்பி உறை ஊற்றி மூன்று நாள் கொட்டகைக்குள் ஒருவரையும் விடவில்லை. நாலாம் நாள் காலை வெள்ளைத் துணியை நீக்கிப் பார்த்தாள்.

தண்ணீர்மேல் ஓர் ஆள் படுத்திருந்தது. தலை வடக்கே, கால் தெற்கே. இடுப்பில் குடலிறக்க ஆபரேஷன் தையல் இருந்தது. மார்பில் மரமேறி மரமேறித் தேய்ந்த காய்ப்பு இரண்டு பக்கமும் இருந்தது. இடது கையில் மோதிரவிரல் பாதிதான் இருந்தது.

அந்த விரலின் மறுபாதி அவளால்தான் போயிற்று. கல்யாணமான புதிதில், கூர்ப்பாரையில் தேங்காயைக் குத்தி மட்டை உரித்துக்கொண்டிருந்த புருஷன் ஆறுச்சாமியை ஏனுங்க என்று அவள் கூப்பிட, அவன் சிரித்துக்கொண்டே திரும்பினான், பாரை விரலை எடுத்துக்கொண்டது. வேலையாக இருக்கும்போது அவள் அவனைக் கூப்பிடுவதை அன்றோடு விட்டுவிட்டாள். பிள்ளை இல்லாத வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் பிள்ளையாக இருபது வருஷம் ஓட்டியிருந்தார்கள்.

இதுவரை விளைந்த தோலெல்லாம் காயத்தின் அளவுதான் வரும், காயமில்லாத இடத்தை விட்டுவிடும். இந்த ஏடு எந்த இடத்தையும் விடவில்லை. கண்ணுக்கு இமை வைத்து, இமைக்கு மயிர் வைத்து நெய்திருந்தது, மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் வழி விடவில்லை. இழுத்து மூடியிருந்தது. செத்தவர்மேல் கோடித்துணியைத்தான் அப்படிப் போர்த்துவார்கள்.

மதியம் கஞ்சிக்கு வந்த ஆறுச்சாமியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். அவன் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தான்.

"அட, என்னையாட்டவே இருக்குது. தையலைக்கூட உடல பாரு" என்றான்.

"மூக்கு அடைச்சிருக்குதுங்க. வாயும் அடைச்சிருக்குது. பாத்தீங்களா?"

"இன்னும் ரெண்டு நாள் போனா தொறக்குமோ என்னமோ."

"தொறக்காதுங்க. தடிக்கத்தான் செய்யும், நான் வளத்தது, எனக்குத் தெரியாதா? நாளைக்கு மரத்துக்குப் போகாதீங்க. இந்த மாசம் பூராப் போகாதீங்க."

"நெலத்துல இருந்தா மட்டும் வராதா புள்ள? வர்றது வரட்டும். ஊர்ல எவனுக்குத் தலையோட கால் தோலு கெடைச்சிருக்குது? எனக்கு என்ற பொண்டாட்டியே வளத்து வெச்சிருக்கறா" என்று அவள் தலையைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். அவனுக்குப் பயமே இல்லை. தோலைப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும், அப்படித்தான் அந்த ஊர் ஆகிப்போயிருந்தது.

அவன் கஞ்சி குடித்து முடிப்பதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். பாய்லரிலிருந்து வருகிற நீராவிக் குழாயை இழுத்துத் தொட்டிக்குள் விட்டு வால்வை முழுசாகத் திறந்தாள். தொட்டி கொதித்தது. ஏடு சுருண்டது, முகம் மடிந்து மார்போடு ஒட்டியது, கொட்டகை முழுக்கப் புளித்த ஆவி. தட்டுகளையும் விடவில்லை, ஒவ்வொன்றாகக் கொதிநீரில் கவிழ்த்தாள், உறைப் பாட்டிலை உடைத்தாள். கட்டிகட்டியாய் வெந்துபோனதை வாளியில் அள்ளிக்கொண்டுபோய் மட்டைக் குவியலின் அடியில் புதைத்தாள். அழுதுகொண்டேதான் செய்தாள், பத்து மாசம் கண்ணுக்குள் வைத்து வளர்த்ததல்லவா?

பொன்னுரங்கம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "வெண்ணெ தெரண்டு வர்ற நேரத்துல தாழி ஒடஞ்ச கதையாப் போச்சே அம்மிணி! என்னாச்சு?"

நான்தான் கொன்றேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்த மனுசன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வாள்?

"சூடு ஏறிருச்சுங்க மொதலாளி. உறை கெட்டுப் போச்சுங்க" என்றாள்.

அந்த ஒரு பொய்தான் அவள் செய்த தப்பு. வேறு எந்த ஊரில் சொல்லியிருந்தாலும் அது பொய்யோடு போயிருக்கும்.

அன்று சாயங்காலம் ஆறுச்சாமி மரத்திலிருந்து முழுசாக இறங்கி வந்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவள் அவனுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவன் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே தானும் தூங்கிப்போனாள். மாதக்கணக்கில் அப்படி ஒரு தூக்கம் அவளுக்கு வாய்த்ததில்லை.

விடிந்து அவள் மில்லுக்குப் போனபோது கொட்டகை வாசலில் பதினோரு ஜோடிச் செருப்பு கிடந்தது. கூடவே பொன்னுரங்கத்தின் செருப்பும், ஆறுச்சாமியின் டயர்ச் செருப்பும். உள்ளே தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தேங்காய்த் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். கருப்பட்டி கரைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு ஈரச்சாக்குக் கட்டியிருந்தார்கள். தொட்டியைச் சுற்றிப் பதினோரு பெண்கள் ஆளுக்கொரு சட்டியோடு நின்றார்கள், சட்டிகளின் வாய் வாழையிலையால் மூடியிருந்தது.

மயிலாத்தாள் கிசுகிசுத்தாள். "உறை கெட்டுப் போச்சாமே கண்ணு. நேத்தே கொண்டாந்திருப்போம். சேதி தெரியறப்ப வெளக்கு வெச்சாச்சு, அதான் விடியட்டும்னு இருந்தோம்."

"வேண்டாங்கக்கா" என்றாள் துளசிமணி. "கெடலீங்க. நானேதான் ஆவியத் தொறந்து உட்டுக் கொன்னுபோட்டேன். உங்க கால்ல உழுகறேன், எடுத்துட்டுப் போயிருங்க. வீட்டுல இருக்கறதையும் கொட்டிருங்க."

"வளத்தது போனா மனசு அப்பிடித்தான் பேசும்" என்றாள் ஒருத்தி. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. துளசிமணி மேலே ஏதோ சொல்வதற்குள் மயிலாத்தாள் இலையை நீக்கித் தன் சட்டியைத் தொட்டியில் சாய்த்தாள், அலை எழும்பாமல், ஓரமாக, துளசிமணி சொல்லிக் கொடுத்த மாதிரியே. அடுத்தவள் சாய்த்தாள். அதற்கடுத்தவள் சாய்த்தாள். பதினோரு வீட்டு உறையும் ஒன்றாய்ச் சேர்ந்தது.

ஒரு உறைக்கு நாலு நாள் ஆவது பதினோரு உறைக்கு நாலு நிமிஷங்கூட ஆகவில்லை. தண்ணீர் மேலே பனி படிந்தது மாதிரி ஒரு மங்கல் வந்தது, மங்கல் நூலாயிற்று, நூல் தலை எது கால் எது என்று பிரிந்து ஓடியது. பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள், பொன்னுரங்கம் கைகூப்பினார். துளசிமணி தொட்டியை உலுக்கிவிடப் பாய்ந்தாள். மயிலாத்தாள் அவளைத் தோளோடு அணைத்தாள், இன்னொருத்தி இடுப்பைச் சுற்றிக்கொண்டாள், ஒருவர் பிடியிலும் முரட்டுத்தனம் இல்லை. ஆறுச்சாமி வெறுங்காலோடு ஓசைப்படாமல் அவள் பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு மேற்குத் தோப்பில் தேங்காய் வெட்டு, மரமேறுகிற கயிறு அவன் தோளில் இருந்தது.

"அசையாத புள்ள" என்று காதோரம் சொன்னான். "தண்ணி அலம்பும். நீ சொன்னதுதானே?"

கூப்பிட்டால் திரும்புகிறவன்தான். கூப்பிட அவளுக்குப் பயமாக இருந்தது. அவள் உள்ளங்கையில் நாலு முழு விரலும் ஒரு பாதி விரலும் சூடாக அழுந்தியிருந்தன. தொட்டியின் இடது ஓரத்தில் நாலு முழு விரலும் ஒரு பாதி விரலும் வெள்ளையாகத் தடித்துக்கொண்டிருந்தன.